டர்போ காரில் இன்டேக் ஹோஸ் மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில், அந்தக் காற்று போகும் இன்டேக் ஹோஸ் கிழிந்துவிட்டால் அதை வீட்டிலேயே மாற்றிவிடலாம். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு கிளாம்ப், இரண்டு மூன்று சிறு குழாய்கள், ஒரு சென்சார் கனெக்டர், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை. ஆனாலும், புது ஹோஸ் போட்ட பிறகு வண்டி முன்பைவிட மோசமாக ஓடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்படி ஆன வண்டிகளில் ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது. மாற்றியவர் அதைத் தண்ணீர்க் குழாய் போல நினைத்து மாட்டியிருந்தார்.

முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. பானட்டுக்குள் தெரியும் தடித்த கறுப்புக் குழாய்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

இது உறிஞ்சும் பக்கமா, அழுத்தும் பக்கமா?

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவின் வாய் வரை வருவது உறிஞ்சும் பக்கம். டர்போவிலிருந்து, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய், அங்கிருந்து எஞ்சினுக்கு வருவது அழுத்தும் பக்கம். முதல் வகை ஹோஸை டர்போ உள்ளே இழுக்கிறது. அது வலுவிழந்தால் சப்பிப்போய் காற்றை அடைக்கும். அதனால்தான் அதில் மடிப்பு மடிப்பாக வரிகள் இருக்கும், சிலவற்றில் உள்ளே கம்பி வளையம் இருக்கும். இரண்டாவது வகையை உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளுகிறது. பல வண்டிகளில் அந்த அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் அரை பாரிலிருந்து ஒன்றரை பார் வரை போகும். அதனால் அதற்குள் துணி இழை வைத்து நெய்திருப்பார்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல் கைவைத்தால் அறிகுறியைக்கூடத் தவறாகப் படிப்போம். பெரும்பாலான வண்டிகளில் ஏர் ஃபில்டரை ஒட்டி, வரும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டி உறிஞ்சும் ஹோஸில் கிழிசல் இருந்தால், அளக்கப்படாத காற்று எஞ்சினுக்குள் போகிறது. கம்ப்யூட்டர் அளந்த காற்றுக்கு மட்டும் பெட்ரோல் விடும். கலவை வறண்டுபோகும், மிதிக்காமல் நிற்கும் ஐடிலில் வண்டி உதறும், கலவை வறண்டதைச் சொல்லும் பி0171 என்ற பிழைக் கோடு (எரர் கோட்) வரலாம். கிழிசல் அழுத்தும் பக்கம் இருந்தால் கதை தலைகீழ். அளந்த காற்று வழியிலேயே வெளியே போய்விடுகிறது, அதனால் எரிபொருள் மிஞ்சுகிறது. டீசல் வண்டி கறுப்புப் புகை தள்ளும், மிதித்தால் புஸ்ஸென்று சத்தம் வரும், பிக்கப் செத்துவிடும். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) போதவில்லை என்று பி0299 கோடு வரும்.

எம்.ஏ.எஃப். சென்சாரே இல்லாத வண்டிகளும் உண்டு. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை வைத்தே அவை காற்றைக் கணக்கிடும். அவற்றில் உறிஞ்சும் ஹோஸ் கிழிந்தால் செக் எஞ்சின் லைட் எரியாமலே போகலாம். வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடும். ஆனால் ஃபில்டரில் வடிகட்டாத தூசி நேராக டர்போவுக்குள் போய், காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ் விளிம்பையும் பிறகு சிலிண்டர் சுவரையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். லைட் எரியவில்லை என்பதற்காகக் கிழிந்த ஹோஸைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு டேப் சுற்றிப் பல நாள் ஓட்டுவதும் இதே தவறுதான். அழுத்தும் பக்கத்தில் டேப் நிற்கவே நிற்காது.

ஏன் கிழிந்தது என்று பார்க்காமல் மாற்றுவது

புது ஹோஸ் ஆறு மாதத்தில் மறுபடி கிழிகிறது என்றால் குற்றத்தை ஹோஸ் மேல் போட முடியாது. பழைய ஹோஸைக் கழற்றியதும் தூக்கி எறியாமல் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். மடிப்புக்குள் குறுக்காக வெடித்திருந்தால் எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம். மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், ஃபில்டர் பெட்டி பாடியோடு நிற்கும், நடுவில் உள்ள ஹோஸ்தான் இழுபடும். இப்படிப்பட்ட கிழிசல் வண்டி நிற்கும்போது மூடிக்கொள்ளும், மிதிக்கும்போது மட்டும் திறக்கும். மடிப்புகளை விரித்துப் பார்க்காதவர் கண்ணில் படாது. ஒரு இடம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தால் ஏதோ பிராக்கெட்டிலோ குழாயிலோ உரசியிருக்கிறது. ரப்பர் உப்பி, பிசுபிசுவென்று மெத்தென இருந்தால் எண்ணெய் ஊறியிருக்கிறது.

உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆவி இந்த ஹோஸுக்குத்தான் திரும்பி வருகிறது, அதில் கொஞ்சம் எண்ணெய் கலந்தே வரும். சாய்த்தால் வழியும் அளவுக்குத் தேங்கியிருந்தால் மட்டும் அந்த ஆவியைக் கட்டுப்படுத்தும் பி.சி.வி. வால்வையும் டர்போவையும் சோதிக்க வேண்டும்.

ஹோஸ் வாங்கும்போது

ஒரே மாடல் காரில் எஞ்சின் மாறினால் ஹோஸும் மாறும். சில நேரம் ஒரே எஞ்சினுக்கே ஆண்டு மாறினால் முனைகளின் எண்ணிக்கை மாறும். மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே புது ஹோஸைப் பழையதோடு ஒப்பிட்டு, விட்டம், வளைவு, சிறு குழாய்கள் சேரும் முனைகள் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அளவு சரியாக இருக்கிறதே என்று ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பரில் செய்வது. தண்ணீரும் சூடும் தாங்கும், எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். எண்ணெய் ஆவி ஓடும் இடத்தில் அது சீக்கிரம் மெத்தென்றாகிச் சப்பிவிடும். பளபளவென்று கிடைக்கும் சிலிகோன் ஹோஸ்களிலும் இந்தக் கவனம் வேண்டும். வெறும் சிலிகோன் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் எண்ணெயோடு நீண்ட நாள் ஒத்துப்போகாது. உள்பக்கம் எண்ணெய் தாங்கும் ஃப்ளோரோசிலிகோன் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

கழற்றும்போது

எஞ்சின் ஆறட்டும். டர்போவின் சூடான பக்கம் ஓடும்போது பல நூறு டிகிரிக்குப் போவது, வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஆன பிறகும் தோலைப் பொசுக்கும். அப்புறம், திறக்கப்போகும் இணைப்புகளைச் சுற்றி இருக்கும் தூசியையும் மணலையும் முதலில் பிரஷ்ஷால் தட்டித் துணியால் துடையுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தியதும் அதெல்லாம் நேராக உள்ளேதான் விழும்.

கைப்பேசியில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஹோஸோடு கிராங்க்கேஸ் குழாய், பூஸ்டைத் திருப்பிவிடும் வால்வின் குழாய், பெட்ரோல் ஆவி வரும் குழாய், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் சொலினாய்டுக்குப் போகும் விரல் பருமன்கூட இல்லாத குழாய் என்று பல சேரும். எது எங்கே என்பது கழற்றும்போது தெளிவாகத் தெரியும், மாட்டும்போது தெரியாது.

ஒட்டிப்போன ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக் முனைகள் பிஸ்கட் போல உடையும். ஹோஸை இரு பக்கமும் முறுக்கி ஒட்டலை விடுவித்துவிட்டு இழுத்தால் வந்துவிடும். கம்பிக் கிளிப் வைத்த இணைப்பு என்றால் கிளிப்பை முழுதாக இழுத்துவிட்டு நேராக இழுக்க வேண்டும். உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அதைப் புதிதாகப் போடுங்கள். எம்.ஏ.எஃப். கனெக்டரை இக்னிஷன் அணைத்த பிறகே கழற்றுங்கள். அந்த சென்சாருக்குள் இருக்கும் நுண்ணிய உணர் பகுதியை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது.

திறந்து கிடக்கும் டர்போ வாய்

இந்த வேலையில் மிகப் பெரும் செலவு வைக்கக்கூடிய இடம் இதுதான். மற்ற தவறுகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடும். அந்த வேகத்தில் ஒரு வாஷர், ஒரு சிறு கல், கிளாம்ப்பிலிருந்து உடைந்த ஒரு துண்டு, எது போனாலும் இதழ்கள் சிதையும். சிதைந்த அலுமினியத் துணுக்குகள் அங்கேயே நிற்காமல் இன்டர்கூலரில் போய்த் தங்கும், அதிலிருந்து எஞ்சினுக்கும் போகலாம்.

எனவே ஹோஸை இழுத்த கையோடு டர்போவின் வாயை மூடுங்கள். நூல் உதிராத, பெரிய துணியாக இருக்கட்டும், பாதி வெளியே தொங்கட்டும். முழுதாக உள்ளே திணித்த சிறு துணியைத்தான் மறப்போம். நான் பளிச்சென்ற சிவப்புத் துணி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன், கிரீஸ் துடைக்கும் பழந்துணிகளோடு அதைச் சேர்ப்பதில்லை. கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒன்று குறைந்தால், அது கிடைக்கும் வரை சாவியைத் தொடாதீர்கள். எங்கே போயிருக்கும் என்று ஊகித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்வது கூடாது. ஹோஸ் இல்லாமல் 'சும்மா ஒரு நிமிஷம்' எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் கிடக்கும் துணியையும் தூசியையும் டர்போ இழுத்துவிடும், விரலை நீட்டினால் விரலையும் விடாது.

வாய் திறந்திருக்கும்போது டார்ச் அடித்து இதழ்களைப் பார்த்துவிடுங்கள். விளிம்புகள் நெளியாமல், வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். தண்டை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தால் சாதாரண பேரிங் உள்ள டர்போக்களில் லேசான ஆட்டம் இருக்கும், அது இயல்பு. இதழ் சுவரைத் தொட்டாலோ, முன்னும் பின்னும் இழுக்கையில் ஆட்டம் கையில் தெரிந்தாலோ ஹோஸைவிடப் பெரிய வேலை காத்திருக்கிறது.

மாட்டும்போது

ஹோஸ் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று கிரீஸ் தடவுவார்கள். உறிஞ்சும் பக்கத்தில் அது ரப்பரைக் கெடுக்கும். அழுத்தும் பக்கத்தில் மாட்டிய பிறகும் வழுக்கல் போகாது, முதல் ஏற்றத்தில் மிதித்ததும் ஹோஸ் பிய்த்துக்கொண்டு வரும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கசிவு வரக்கூடாது என்று சிலிகோன் சீலன்ட் பூசுவதும் தவறு. பிதுங்கி உள்ளே போன சீலன்ட் காய்ந்ததும் பிய்ந்து டர்போவை நோக்கித்தான் போகும்.

உலோகக் குழாயின் முனையில் ஒரு மேட்டு வளையம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹோஸ் அதைத் தாண்டி முழுதாக ஏற வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்கு அப்பால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளாம்ப் உட்கார்ந்தால் இறுக்கியது போலத் தோன்றும், ஆனால் பூஸ்ட் வந்ததும் நழுவும். இது எனக்கே நடந்தது. ஐடிலில் எந்தக் குறையும் தெரியவில்லை, நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தப் போனபோது ஹோஸ் கழன்றது. முந்தும் நேரத்தில் வண்டி இழுக்காமல் போவது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கிளாம்ப்பை வெறி கொண்டு இறுக்க வேண்டியதில்லை. துளை வெட்டிய பட்டை கொண்ட கிளாம்ப் அதிகம் இறுகினால் ரப்பர் துளைகள் வழியாகப் பிதுங்கி அறுபடும், பிளாஸ்டிக் முனை என்றால் நசுங்கும். சிலிகோன் ஹோஸுக்கு உள்பக்கம் வழவழப்பான கிளாம்ப்தான் ஏற்றது. தொழிற்சாலையில் ஸ்பிரிங் கிளாம்ப் போட்டிருந்தால் அதையே திரும்பப் போடுங்கள். ரப்பர் சூட்டில் விரிந்து சுருங்கும்போது அது கூடவே விரிந்து சுருங்கும். இறுக்கும் வரிசையும் முக்கியம். எல்லா முனைகளையும் தளர்வாக மாட்டி, ஹோஸ் முறுக்கில்லாமல், எதிலும் உரசாமல், எக்ஸாஸ்ட் பக்கம் சாயாமல் உட்கார்ந்த பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். எம்.ஏ.எஃப். சென்சார் குழாயைக் கழற்றியிருந்தால் அதிலுள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். ஃபில்டர் பெட்டியின் மூடி எல்லா கிளிப்பிலும் சரியாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். சிவப்புத் துணி கைக்கு வந்துவிட்டதா?

சோதிக்கும்போது

அழுத்தும் பக்கத்தைச் சோதிக்க டர்போ வாயில் மூடி போட்டு, பம்பால் குறைந்த அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். வண்டியின் வழக்கமான பூஸ்டைத் தாண்டாதீர்கள், மூடிக்கு நேராக நிற்காதீர்கள், அது தெறித்து வரலாம். எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் பக்கத்தில் இதே சோப்பைத் தெளித்துவிட்டு, குமிழி வரவில்லை, எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே காற்று வெளியே வராது, உள்ளே போகும். அந்தப் பக்கத்துக்கு மெல்லிய அழுத்தத்தில் புகையை விட்டு, அது எங்கே வெளிவருகிறது என்று பார்க்கும் புகைச் சோதனைதான் நம்பகமானது. பம்பால் காற்றை ஏற்றினால் அது கிராங்க்கேஸுக்குள் போய் எண்ணெய் சீல்களைத் தள்ளும். எரியக்கூடிய ஸ்பிரேயை அடித்துக் கசிவு தேடும் பழக்கத்தை, சூடான டர்போ பக்கத்தில் இருக்கும்போது அடியோடு விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் வண்டி என்றால், வேலைக்கு முன் ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு பிழைக் கோடை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டினால் ட்ரிம் பூஜ்யத்தை நோக்கி நகர வேண்டும். முதல் ஓட்டம் மிதமாக இருக்கட்டும். வண்டி ஒரு தடவை நன்றாகச் சூடாகி ஆறியதும் கிளாம்ப்களைத் தொட்டுப் பாருங்கள், ரப்பர் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் அதே கோடு திரும்ப வந்தால், புது ஹோஸைச் சந்தேகிக்கும் முன் எடுத்து வைத்த படங்களைத் திறந்து அந்தச் சிறு குழாய்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கை எட்டாத இடத்தில் சேரும் குழாய் ஒன்று மாட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.