செயின்சாவும் ஸ்பிரேயரும் மக்கர் செய்தால்: பழுது பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பெரும்பாலானவர்களின் கை போவது கார்பரேட்டர் திருகுக்குத்தான். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று திருப்பிவிட்டு, தோள் வலிக்கும் வரை கயிற்றை இழுத்துவிட்டு, கடைசியில்தான் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். செயின்சா, பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், வாய்க்காலில் வைத்து இறைக்கும் சின்ன பம்ப் என எதுவானாலும் இதே கதைதான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய மிஷினில் அந்தத் திருகு ஒரே ராத்திரியில் தானாக மாறியிருக்காது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. திருகைத் தொட்டதால் இப்போது கோளாறு இரண்டாகிவிட்டது.

டெல்டாவில் இந்த மிஷின்கள் நிற்பது சின்ன விஷயம் இல்லை. சம்பாப் பயிரில் புகையான் பூச்சி விழுந்தால் இன்று அடிக்க வேண்டிய மருந்தை நாலு நாள் கழித்து அடித்துப் பயனில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. வழியை அடைத்துக் கிடந்த மரங்களை அறுத்து அகற்ற செயின்சாதான் கைகொடுத்தது. அந்த மாதிரி நாளில் மெக்கானிக் கடைக்கு வண்டி போகவே பாதை இருக்காது. அதனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை மிஷின் வைத்திருப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: எப்போது நிற்கிறது? காலையில் எடுத்ததுமே ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? பத்து நிமிடம் நன்றாக ஓடி நிற்கிறதா? சூடானபின் நின்று, ஆறியதும் திரும்ப ஓடுகிறதா? மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் மூச்சு முட்டுகிறதா? இந்த நாலும் நாலு வேறு இடத்தைக் காட்டும்.

பத்து நிமிடம் ஓடி நின்றால் முதலில் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடினால் டேங்குக்குள் காற்று போகும் சின்ன வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் நிற்கிறது. இதற்குக் கார்பரேட்டரைக் கழற்றியவர்கள் ஏராளம். சூடானபின் நின்று ஆறினால் ஓடுகிறது என்றால், நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறவைத்துவிட்டுப் பார்த்தால் கரண்ட் நன்றாகத்தான் வரும். பிளக்குக்குக் கரண்ட் தரும் பாகமான காயில் (coil) சூட்டில் மட்டும் செயலிழப்பதாக இருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் திணறுகிறது என்றால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், அப்புறம் சைலன்சர் வாயில் இருக்கும் சின்னக் கம்பி வலை. வலையில் கரி அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் பலமிழக்கும். காலையில் எடுத்ததுமே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோலையும் கரண்டையும் பார்க்க வேண்டும், அவை கீழே வருகின்றன.

பெட்ரோலும் ஆயிலும்

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பாதி டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரம் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் முனை கிடப்பதும் அதே அடியில்தான். சந்தேகம் வந்தால் டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. அதைக் கொட்டிவிட்டு டேங்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஆயில் கலப்பது. செயின்சாவில் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனி ஆயில் சம்ப் (ஆயில் தேங்கும் இடம்) கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் டூ ஸ்ட்ரோக் ஆயில் (2T) மட்டுமே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. 50-க்கு 1 என்று மிஷின் புத்தகத்தில் இருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 40-க்கு 1 என்றால் 25 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. இதை மூடியளவு, கண்ணளவு என்று ஊற்றுவதுதான் பெரிய தவறு. குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் உரசி இறுகும், அதாவது சீஸ் ஆகும். கூடினால் நல்லதுதானே என்று நினைப்பதும் சரியில்லை; பிளக் நனைந்து கறுக்கும், சைலன்சரில் கரி கட்டும். பைக்குக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில் இதற்கு ஆகவே ஆகாது. கேனில் கலந்து குலுக்கிவிட்டு டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்குக்குள் நேராக ஆயிலை ஊற்றினால் அது சரியாகக் கலக்காது.

சீஸ் ஆன பிஸ்டனை மாற்றுவதற்கு முன்

அதிகம் பணம் போவது இந்த இடத்தில்தான். கயிறு இறுகிவிட்டது, அல்லது இழுத்தால் கனமே தெரியாமல் வருகிறது. கடையில் புதுப் பிஸ்டன், ரிங் போட்டுத் தருகிறார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. ஏன் சீஸ் ஆனது என்று யாரும் பார்க்கவில்லை.

பார்ப்பது சுலபம். சைலன்சரைக் கழற்றிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். நல்ல பிஸ்டன் மழமழவென்று இருக்கும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசியிருந்தால் சீஸ் ஆகியிருக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றி மறுபக்கத்தையும் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் உரசல் என்றால் சூடு அதிகம்: பெட்ரோல் போதவில்லை, ஆயில் குறைவு, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் தூசி அடைத்துக் காற்றுப்படவில்லை. கார்பரேட்டர் பக்கம் உரசல் என்றால் ஏர் ஃபில்டர் வழியே தூசி உள்ளே போயிருக்கிறது. சுற்றிலும் உரசியிருந்தால் ஆயிலே கலக்காத பெட்ரோலில் ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்ரோல் போதாமல் போவதற்கு ஒரு காரணம் நாமே செய்வது. கார்பரேட்டரில் எச் என்று போட்ட திருகை உள்ளே முறுக்கினால் செயின்சா கீச்சென்று அதிக வேகத்தில் பாடும். கேட்கிறவருக்கு மிஷின் நல்ல பலத்தில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் பெட்ரோல் குறைகிறது, அதோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது. மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓட்டும்போது சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். அதுதான் பாதுகாப்பான நிலை.

இன்னொரு காரணம் காற்றுக் கசிவு. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல் தேய்ந்தாலோ, கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் விரிசல் விட்டாலோ வெளிக்காற்று உள்ளே போகும். ஸ்லோவில் விட்டால் வேகம் தானாக ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை விட்டபின்னும் உடனே அடங்காது. இதைத் திருகால் சரிக்கட்டி ஓட்டுவதுதான் நான் பார்க்கிறதில் மோசமான வைத்தியம். கொஞ்ச நாள் ஓடும், பிஸ்டன் போகும்.

பைக் சிலிண்டர் மாதிரி இதையும் லேத்தில் கொடுத்து உள்பக்கத்தைக் கடைந்து போர் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செயின்சா சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்சுவரில் குரோம் அல்லது நிக்கல் கலந்த மெல்லிய பூச்சுதான் இருக்கிறது. போர் செய்தால் பூச்சு போய்விடும், அலுமினியம்தான் மிஞ்சும். அது ஓடாது.

கரண்ட் பார்க்கும்போது

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பைச் சிலிண்டரில் தொடவைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பதுதான் ஆபத்து. இழுக்கும்போது ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். தள்ளி வையுங்கள், திறந்த கேனையும் அப்பால் வையுங்கள்.

பொறி வரவில்லை என்றால் உடனே காயில் வாங்கப் போகாதீர்கள். முதலில் வேறு பிளக். அப்புறம் ஸ்டாப் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நல்லது. சுவிட்சோ, எங்காவது தேய்ந்து பாடியில் தொடும் ஒயரோதான் காரணம். அதன்பின் காயிலுக்கும் மேக்னட் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி: ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர். புல் வெட்டும் பிளேடு கல்லில் மோதியபின் கரண்ட் வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை, கயிறு திருப்பி உதைக்கிறது என்றால் மேக்னட் சக்கரத்தைக் கிராங்கில் சரியான இடத்தில் நிறுத்தும் சின்ன இரும்புச் சாவி அறுந்திருக்கலாம்.

பிளக் நனைந்து வந்தால் சோக்கில் (ஆறிய இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் அடைப்பு) வைத்து அதிகம் இழுத்திருக்கிறீர்கள். பிளக்கைத் துடைத்து, பிளக் இல்லாமல் சில தடவை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு, சோக் இல்லாமல் இழுங்கள். முதல் தடவை லேசாக வெடித்ததுமே சோக்கை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் நல்லது. 120 பிஎஸ்ஐ தாண்டினால் செயின்சாவுக்குக் கவலையில்லை. 90-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம்.

இன்ஜின் நல்லது, செயின்தான் மொட்டை

"அறுக்கவே மாட்டேங்குது, இன்ஜின் பவர் போச்சு" என்று வரும் மிஷின்களில் செயினை முதலில் பார்க்க வேண்டும். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மொட்டையான செயின் மாவாக உதிர்க்கும், புகையும், கையால் அழுத்தினால்தான் இறங்கும். தென்னையின் வெளிப்பகுதி நன்றாக முற்றியிருக்கும், பல்லைச் சீக்கிரம் மழுக்கும். புயலில் சாய்ந்து சேற்றில் கிடந்த மரமாக இருந்தால் பட்டையில் ஒட்டிய மணலே போதும், ஒரே அறுப்பில் கூர் போய்விடும். மண்ணைத் தட்டிவிட்டு அறுக்கவும்.

அரம் செயினின் அளவுக்குப் பொருந்த வேண்டும். சின்ன செயின்சாக்களில் அதிகம் வரும் 3/8 இன்ச் லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர், 0.325 இன்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். கிடைத்த அரத்தில் தீட்டினால் பல்லின் வடிவமே கெடும். ஒரு பக்கத்துப் பல்லை அதிகம் தீட்டினால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும். தீட்டுவதற்கு முன் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள்.

செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாருக்குப் பழைய கழிவு ஆயிலை ஊற்றுவது நம் பக்கம் சகஜம். அதில் இரும்புத் துகள் இருக்கும், ஒட்டும் தன்மை கிடையாது. செயின் வேகத்தில் சிதறிவிடும், ஆயில் பம்பும் தேயும். நூறு ரூபாய் மிச்சம் பிடித்து பாரையும் செயினையும் இழப்பது.

கிளட்சைக் கழற்றும்போது ஒன்று. பெரும்பாலான செயின்சாக்களில் அது இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், கிராங்கின் மரை பிய்ந்துவிடும். பிஸ்டனை நிறுத்த ஸ்க்ரூடிரைவரைப் பிளக் ஓட்டையில் விடவும் கூடாது. பிஸ்டன் தலை பொத்துவிடும். மெல்லிய நைலான் கயிற்றைப் பிளக் ஓட்டை வழியே மடித்து நிரப்பினால் போதும்.

கிடப்பில் போடும்போதும் தண்ணீரில் மூழ்கினாலும்

சம்பா முடிந்து ஸ்பிரேயரை மூலையில் வைத்தால் அடுத்த குறுவைக்குத்தான் எடுப்பார்கள். அதற்குள் கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் படலமான டயாஃப்ரம் விறைத்துவிடும். டேங்கைக் காலி செய்து, மிச்சப் பெட்ரோல் தீரும் வரை ஓடவிட்டு நிறுத்தினால் இந்தச் செலவே இல்லை. டயாஃப்ரம் மாற்ற வேண்டியிருந்தால் பிரிக்கும் முன் ஒவ்வொரு அடுக்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங்கும் டயாஃப்ரமும் இடம் மாறினால் புது கிட்டும் வேலை செய்யாது. மண்ணெண்ணெய் இன்ஜின் வைத்திருப்பவர்கள் நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய்தான் நிற்கும், குளிர்ந்த இன்ஜின் அதில் பிடிக்காது.

மழை வெள்ளத்தில் மூழ்கிய பம்ப் இன்ஜினை எடுத்ததும் ஓடுகிறதா என்று கயிற்றை இழுத்துப் பார்க்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் பிளக்கைக் கழற்றிச் சாய்த்துத் தண்ணீரை வடியுங்கள். ஆயில் சம்ப் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பால் நிறமாகியிருந்தால் முழுக்க வடித்துவிடுங்கள், டேங்க், கார்பரேட்டர் கிண்ணம் இரண்டையும் காலி செய்யுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம். அரை மணி ஓட்டியதும் அந்த ஆயிலையும் வடித்து மாற்ற வேண்டும், அதில் மிச்ச ஈரம் கலந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய இன்ஜின் என்றால் இதெல்லாம் வேண்டாம், நேராகப் பிரித்து ராடைப் பார்த்துவிடுங்கள்.