கடல்நீர்த் தொட்டியில் பாசியா? முதலில் வாளியைப் பாருங்கள்

கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போகவேண்டிய ஊர் எங்கள் தர்மபுரி. இங்கே கோமாளி மீன் வளர்க்கிறேன் என்றால் வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைவிட என்னைத்தான் வியப்பாகப் பார்ப்பார்கள். சென்ற கோடையில் மீன் எங்கே என்று தேடவேண்டிய நிலை வந்தது. பாறை முழுக்கப் பச்சை முடி. இரண்டு மாதம் சுரண்டிச் சலித்த பிறகுதான் தப்பு தொட்டிக்குள் இல்லை, ஆவியான நீருக்கு ஈடாக நான் ஊற்றிய வாளித் தண்ணீரில் இருக்கிறது என்று புரிந்தது.

வந்திருப்பது எது?

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல்மேல் படியும் பழுப்புப் பொடி டையாட்டம் என்ற நுண்பாசி. விரல் பட்டாலே கலைந்துவிடும். நீரிலுள்ள சிலிக்கேட் தீர்ந்தால் தானே போய்விடும், விட்டுவிடுங்கள். செம்பழுப்பு நிறத்தில் பாலாடை போல உரிந்து வருவது சயனோபாக்டீரியா. அது பாசியே இல்லை, பாக்டீரியா. நீரோட்டம் மந்தமான மூலையில்தான் கூடும். பம்பின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஏட்டை உறிஞ்சி எடுங்கள். பாறையில் இளஞ்சிவப்பாக ஓடுபோல ஒட்டியிருப்பது நல்ல பாசி, அதைச் சுரண்டாதீர்கள். மீதி இருப்பது பச்சை முடிப்பாசி. இனிச் சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

தண்ணீரை அளப்பது

தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர். உப்பும், பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கிவிடும். என் தொட்டி 180 லிட்டர். கோடையில் நாளுக்கு 3 லிட்டர் குறைந்தது. ஊற்றும் நீரில் லிட்டருக்கு 20 மி.கி. நைட்ரேட் இருந்தால் ஒரே மாதத்தில் தொட்டி நீரின் நைட்ரேட் லிட்டருக்கு 10 மி.கி. ஏறிவிடும், மீனுக்கு ஒரு பருக்கை தீனி போடாமலே. வயல்களுக்கு நடுவே ஆழ்துளைக் கிணறு போட்டிருப்பவர்கள் உர நைட்ரேட்டுக்கு அஞ்சத்தான் வேண்டும்.

நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘புளோரைடு காரணமா?’ இல்லை. அது பாசிக்கு உணவாகாது. கடல்நீரிலேயே லிட்டருக்கு சுமார் 1.3 மி.கி. புளோரைடு இருக்கிறது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் நமக்குக் குடிக்க நல்லது. தொட்டிக்கு அதையும் நேரடியாக ஊற்றக்கூடாது, கேன் தண்ணீரையும் நம்பக்கூடாது. நீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் என் டி.டி.எஸ். மீட்டர் போர் தண்ணீரில் 1,100 காட்டியது, கேனில் 70. ஆர்.ஓ. நீரை, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாகவும் விட்ட பிறகே 0 வந்தது. அந்த நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும், ஆவியான அளவை ஈடுகட்டவும் அதையே, உப்பு சேர்க்காமல், ஊற்ற வேண்டும்.

கையால் பிடுங்குவது

மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள், குறிப்பாகச் செம்பு கலந்ததை. நத்தையும் இறாலும் பவளமும் செத்துப்போகும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை சைபன் குழாயின் முனையில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பம்பை நிறுத்துங்கள். முடியின் அடியில் பிரஷை வைத்து, நூல் சுற்றுவதுபோலத் திருகி இழுங்கள். வேரோடு கழன்ற கொத்து பரவுவதற்குள் குழாய் அதை விழுங்கிவிடும். சும்மா தேய்த்தால் துணுக்குகள் தொட்டியெங்கும் போய் ஒட்டி, அங்கும் முளைக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. 18 லிட்டர் வெளியேறியதும் நிறுத்திவிட்டு, அதே உப்பளவிலும் வெப்பத்திலும் புது நீர் ஊற்றுங்கள். பாசியும் எடுத்தாயிற்று, பத்து சதவீத நீரும் மாற்றியாயிற்று. வாரம் ஒருமுறை.

பட்டினி போடுவது

பாசியை, மீனை அல்ல. உறைந்த தீனியை அப்படியே போடாமல், உருகவைத்து டீ வடிகட்டியில் அலசுங்கள். அந்தச் சாற்றில்தான் பாசிக்கு இன்னொரு உரமான பாஸ்பேட். இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு போதும். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக்கூடாது.

சோதனையில் நைட்ரேட் 0 என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பாறையில் புல்வெளியே இருக்கும்போது, நைட்ரேட்டை அது தின்று தீர்க்கிறது என்றுதான் பொருள். அதேசமயம் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சுத்தமாகத் துடைத்தெடுக்கவும் முயலாதீர்கள். அந்த வெற்றிடத்தில் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்தால் முடிப்பாசியே தேவலை என்று தோன்றும். லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மி.கி. என்று நிறுத்துங்கள்.

நத்தை வாங்குவது

இதைக் கடைசியில் செய்யுங்கள். டர்போ நத்தை குட்டை முடியை மேயும், நீண்ட முடியைத் திரும்பியும் பார்க்காது. நீங்கள் பிடுங்கிய இடத்தில் புதிதாகத் துளிர்ப்பதைத் தின்னத்தான் அது. 180 லிட்டருக்கு இரண்டு போதும். அதற்கு மேல் விட்டால் பாசி தீர்ந்தபின் பசியில் சாகும், செத்த நத்தை மறுபடியும் பாசிக்கு உரம். பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தால், பையிலிருந்து நேரே கவிழ்க்காமல் ஒரு மணி நேரமாவது தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்குங்கள்.

என் பாறை வெளுக்க ஏழு வாரம் ஆனது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, ஐந்தாம் வாரம் முடி வெளிறி எளிதாகக் கழன்றது. இப்போதும் ரெசின்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். அது களைத்துப்போனால் முதலில் நழுவுவது சிலிக்கேட், அதை டி.டி.எஸ். மீட்டர் சரியாகக் காட்டாது. மீட்டர் 0 சொல்லும்போதே கண்ணாடியில் பழுப்புப் பொடி திரும்பினால், கண்ணாடியை நம்பி ரெசினை மாற்றிவிடுங்கள்.