ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம். போகிற வழிக்கு வேண்டும்

வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் கீழ் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குள் நுழைய விசா தேவையில்லை. 1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு. 2008 முதல் ஹிமாத்ரி என்ற நம் ஆய்வு நிலையமும் அங்கே இருக்கிறது. யூடியூபில் இந்த 'விசா வேண்டாம்' சேதியைக் கேட்டதுமே பெங்களூருவில் நம் ஆட்கள் டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான்.

பெங்களூருவிலிருந்து ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனுக்கு நேர் விமானம் கிடையாது. பெரும்பாலும் ஆஸ்லோ வழியாகத்தான் போக வேண்டும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி. நார்வே அதற்குள் வரும், ஸ்வால்பார்டு வராது. ஆகவே ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். அதிலும் சிங்கிள் என்ட்ரி உதவாது. போகும்போது ஷெங்கனுக்குள் நுழைவது ஒரு கணக்கு. அங்கிருந்து தீவுக்குப் பறந்தால் வெளியேறியதாகக் கணக்கு. திரும்ப ஆஸ்லோ வருவது இரண்டாவது நுழைவு. சிங்கிள் என்ட்ரியோடு தீவுவரை போய்விடலாம், வீடு திரும்பத்தான் வழி இருக்காது.

விண்ணப்பத்தில் இரண்டு நுழைவு அல்லது மல்டிபிள் என்று குறியுங்கள். கவரிங் லெட்டரில் எந்தத் தேதியில் எங்கே என்று எழுதி, தீவுக்குப் போய்வரும் முன்பதிவையும் இணையுங்கள். கேட்டதைத்தான் தருவார்கள் என்று நம்பிவிடவும் வேண்டாம். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் எத்தனை நுழைவு என்ற கட்டத்தைப் பாருங்கள். 01 என்றிருந்தால் அன்றைக்கே விசா மையத்தில் கேளுங்கள். உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டுக் கிளம்பும் அன்று எடுக்கிறவர்களும் உண்டு!

அடுத்தது பெயர், நம்மவர்களுக்கே உரிய தலைவலி. பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் தளமோ அதைக் கேட்டு அடம்பிடிக்கும். சரி என்று இனிஷியலைப் போடுவார்கள், இல்லையென்றால் கணவர் பெயரைப் போடுவார்கள். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பதோ அப்பா பெயர். டிக்கெட், இன்சூரன்ஸ், விசா விண்ணப்பம் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் விமான நிறுவனத்திடம் கேட்டபிறகு பதிவு செய்வது நல்லது.

பாஸ்போர்ட் ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். புதுப்பிக்கப் போகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்கவும்: இருப்பது மாரத்தஹள்ளி வாடகை வீட்டில், கொடுப்பது சேலத்து முகவரி என்றால், போலீஸ் விசாரணைக்கு வரும்போது அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். இப்போது குடியிருக்கும் முகவரியையே கொடுங்கள்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். ஷெங்கனை மட்டும் உள்ளடக்கிய பாலிசி ஸ்வால்பார்டில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லாங்இயர்பியனில் இருப்பது சின்ன மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் நார்வே நிலப்பரப்பில் உள்ள ட்ரொம்சோ நகருக்கு விமானத்தில்தான் கொண்டுபோவார்கள்.

அப்புறம், ஆஸ்லோவிலிருந்து போவது உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். போகும்போதும் வரும்போதும் பாஸ்போர்ட் சோதனை உண்டு. திரும்பும் வழியில் அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் போட்டால் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.