குழந்தைப் பராமரிப்பு நிலுவையால் தொழில் உரிமத்துக்கு ஆபத்து வரும்போது செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் செவிலியர், வழக்கறிஞர், எலக்ட்ரீஷியன், முடிதிருத்துநர் என எந்தத் தொழிலுக்கு உரிமம் பெற்றவரானாலும், நீதிமன்றம் விதித்த குழந்தைப் பராமரிப்புத் தொகையை, அதாவது சைல்ட் சப்போர்ட்டை, நிலுவை வைத்தால் அந்த உரிமம் பறிபோகக்கூடும். உரிமங்களை நிறுத்திவைக்கும் நடைமுறை எல்லா மாநிலங்களிலும் இருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயமாக்கியது. உரிம விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணை, அதாவது அரசு தரும் தனிநபர் அடையாள எண்ணை, பதியச் சொன்னதும் அதே சட்டம்தான். சம்பாதிக்கும் வழியை அடைத்துவிட்டுப் பணம் கேட்பது என்ன நியாயம் என்று தோன்றலாம். ஆனால் அந்த வாதம் உங்கள் உரிமத்தை மீட்டுத் தராது.

எச்சரிக்கைக் கடிதம் வந்தவுடன் முதலில் அதிலுள்ள கெடு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நிலுவை சேர்ந்தால் நடவடிக்கை வரும் என்ற வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: டெக்சாஸில் மூன்று மாதத் தொகைக்கு ஈடான நிலுவையும், நியூயார்க்கில் நான்கு மாத நிலுவையும் நடவடிக்கைக்கு வழிவிடும். கலிபோர்னியாவில் புதிய உரிமமோ புதுப்பித்தலோ கேட்பவர் 30 நாளுக்கு மேல் நிலுவை வைத்திருந்தாலே, உரிம வாரியத்துக்கு அனுப்பப்படும் நிலுவைதாரர் பட்டியலில் சேர்க்கப்படுவார். அவருக்கு 150 நாள் தற்காலிக உரிமம் கிடைக்கும், அதற்குள் அவர் விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் இந்த இடத்தில் உரிம வாரியத்தைத் தொலைபேசியில் அழைத்து வாதாடி நாள்களை வீணாக்குகிறார்கள். நிலுவை எவ்வளவு, ஏன் வந்தது என்பதை வாரியம் பொதுவாக விசாரிப்பதில்லை. பட்டியல் அனுப்பிய சைல்ட் சப்போர்ட் ஏஜென்சியிடமிருந்து, அதாவது இந்தத் தொகையை வசூலிக்கும் அரசு அமைப்பிடமிருந்து, தடையை நீக்கலாம் என்ற விடுவிப்பு ஆவணம் வந்தால்தான் அது தடையை நீக்கும். ஆகவே ஏஜென்சிக்கே செல்லுங்கள். கணக்கு விவரத்தை வாங்கி ஒவ்வொரு தவணையையும் உங்கள் வங்கிப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். பிள்ளையின் தாய்க்கோ தந்தைக்கோ நேரில் கொடுத்த பணம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஏறியிருக்காது. அதற்கு எழுத்துச் சான்று தேவைப்படும். பெயரோ தொகையோ தவறாக இருந்தால் மறுபரிசீலனையை எழுத்திலேயே கோருங்கள். நிலுவை உண்மையானால், முழுத் தொகையும் கையில் இல்லையென்று ஒதுங்க வேண்டாம்: தாங்கக்கூடிய தவணைத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதே பல மாநிலங்களில் விடுவிப்புக்குப் போதுமானது. ஆனால் தாங்க முடியாத தொகைக்கு ஒப்புக்கொண்டு பின்னர் தவறினால் அடுத்த முறை பேச இடம் குறைவாகவே இருக்கும்.

வருமானம் குறைந்துவிட்டால், நீதிமன்ற உத்தரவையே மாற்றக் கோரி உடனே மனு செய்ய வேண்டும், ஏனெனில் 1986ஆம் ஆண்டின் பிராட்லி திருத்தத்தின்படி, கெடு கடந்த ஒவ்வொரு தவணையும் தீர்ப்புக் கடனாகிவிடுகிறது, அதாவது நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியான கடனுக்குச் சமமாகிவிடுகிறது. நீதிபதி நினைத்தாலும், மனு குறித்து எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போன நாளுக்கு முந்தைய நிலுவையைக் குறைக்க இயலாது. வேலை போன மாதத்தில் மனு செய்தவரும் ஓராண்டு கழித்துச் செய்தவரும் ஒரே நிலையில் இருக்க மாட்டார்கள்.

விடுவிப்பு அனுப்பப்பட்ட நாளும் உரிமம் மீண்டும் செல்லுபடியாகும் நாளும் ஒன்றல்ல. ஆவணத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரியத்தின் பதிவேட்டில் உரிமத்தின் நிலை மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பணிக்குத் திரும்புங்கள். இடைப்பட்ட நாள்களில் வேலை செய்தால், உரிமமின்றித் தொழில் நடத்தியதாகத் தனி வழக்கு வரலாம்.