பிரிட்டனில் கார் ஃபைனான்ஸைப் பாதியில் முடித்து வண்டியைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

ஹயர் பர்ச்சேஸிலோ (தவணையெல்லாம் கட்டி முடித்தபின் கார் சொந்தமாகும் முறை), பிசிபியிலோ (கடைசியில் ஒரு பெரிய தொகையும் கட்டினால்தான் கார் சொந்தமாகும் முறை) எடுத்த காரை, கடைசித் தொகை கட்டவேண்டிய நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 99, 100 பிரிவுகள் தரும் உரிமை இது. ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதம் தேவையில்லை. பெர்சனல் லோனில் வாங்கிய காருக்கும் லீஸ் காருக்கும் இது பொருந்தாது.

1. விற்றால் லாபமா?

கம்பெனியிடம் செட்டில்மெண்ட் தொகை, அதாவது கடனை இன்றே முழுதாக அடைக்க எவ்வளவு என்று கேளுங்கள். கார் அதைவிட அதிக விலைக்குப் போகுமென்றால், திருப்பிக் கொடுப்பது நஷ்டம். டீலரிடமே விற்றுக் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பாதிக் கணக்கு

இப்படி முடிக்கும்போது உங்கள் பொறுப்பு ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையில் பாதி வரைதான். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 48 மாத ஒப்பந்தத்தில் 24 மாதம் கட்டினால் பாதி முடிந்தது என்று நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது மாதங்களை அல்ல, மொத்தத் தொகையை. டெபாசிட், வட்டி, கட்டணங்கள், பிசிபியின் கடைசிப் பெரிய தொகை எல்லாம் அதில் சேரும்.

ஒரு மாதிரிக் கணக்கு: டெபாசிட் 2,000 பவுண்ட், மாதம் 270 வீதம் 48 தவணை 12,960, கடைசித் தொகை 7,500, கட்டணம் 10. மொத்தம் 22,470. பாதி 11,235. 24 மாதத்தில் டெபாசிட்டோடு கட்டியிருப்பது 8,480 தான்; 2,755 குறைகிறது. 34-ஆம் தவணையில் 11,180 ஆகிவிடும். மீதி 55 பவுண்டைக் கட்டினால் போதும்.

பழைய காரைக் கொடுத்துக் கழித்த தொகையும் டெபாசிட்தான், அதை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘டெர்மினேஷன்: யுவர் ரைட்ஸ்’ என்ற பகுதியில் பாதித் தொகையே அச்சிட்டிருக்கும்; அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாதிக்குக் குறைவாகக் கட்டியிருந்தாலும் முடிக்கலாம், குறையும் தொகை உங்கள் கடனாக நிற்கும். பாதிக்கு மேல் கட்டியது திரும்ப வராது. அதனால் பாதியைத் தொட்டதும் முடிவெடுங்கள்.

3. கடிதம்

போனில் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சலும், ராயல் மெயிலில் ‘சைன்ட் ஃபார்’ (கையெழுத்து வாங்கிக் கொடுக்கும்) தபாலும், இரண்டும் அனுப்புங்கள். ஒப்பந்த எண்ணைக் குறிப்பிட்டு, 99-ஆம் பிரிவின் கீழ் முடிப்பதாக எழுதினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தவணைத் தேதிக்கு முன் கடிதம் போய்ச் சேரட்டும், அதற்குமுன் விழுந்த தவணைகளும் பாக்கியும் உங்கள் பொறுப்பு.

இந்த உரிமையின் பெயர் ‘வாலண்டரி டெர்மினேஷன்’; அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ‘வாலண்டரி சரண்டர்’ என்று படிவம் வந்தால் கையெழுத்துப் போடவே கூடாது. அது காரை ஒப்படைப்பது மட்டும்தான்: கம்பெனி அதை ஏலத்தில் விற்று, மீதிக் கடன் முழுவதையும் உங்களிடம் கேட்கும். பாதி வரம்பு அங்கே காப்பாற்றாது.

4. வண்டியை எடுக்க வரும் நாள்

கழுவிய காரை, பகல் வெளிச்சத்தில், நான்கு பக்கமும் உள்ளேயும் வீடியோ எடுங்கள். மைலேஜும் டயரும் தெரியவேண்டும். இரண்டு சாவி, சர்வீஸ் பதிவுகள் எல்லாம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வருபவரின் படிவத்தை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்து. காப்பீட்டை வண்டி போகும்வரை ரத்து செய்யாதீர்கள். போனதும் டிவிஎல்ஏவிடம் (வாகனப் பதிவு அலுவலகம்) தெரிவித்தால், மிச்சமுள்ள முழு மாதங்களுக்கான சாலை வரி திரும்பி வரும்.

பிறகு வரும் பில்

நியாயமான தேய்மானத்துக்குப் பணம் கேட்கக் கூடாது; கவனக்குறைவால் வந்த சேதத்துக்குக் கேட்கலாம். படத்தோடு விவரம் கேளுங்கள். பிசிபியில் மைலேஜ் கூடியதற்கான கட்டணம்தான் அதிகம் சண்டைக்கு வருவது: பாதிக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பது ஒரு வாதம், ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் கட்டத்தான் வேண்டும் என்பது மறுவாதம். கடிதம் அனுப்பும் முன்பே அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

கம்பெனியிடம் புகார் கொடுத்து 8 வாரத்தில் தீர்வு வராவிட்டால், அல்லது வந்த இறுதிப் பதில் சரியில்லையென்றால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். செலவில்லை. இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போகவேண்டும்.