அறைச் சோதனைக்கு முன் ஒரு கம்பி வளையம்

வாகன மின்னணுவியல் பாடத்தில் மின்காந்த இணக்கச் (ஒரு கருவி மற்றக் கருவிகளைக் குலைக்காமல் இயங்குகிறதா என்று பார்க்கும்) செய்முறைக்காக, வெளி அலைகளைத் தடுக்கும் கவச அறைக்குள் நுழையும் முன், கோஆக்சியல் கேபிளின் ஒரு முனையைச் சீவி, நடுக்கம்பியை ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமுள்ள வளையமாக வளைத்து, அதன் நுனியை வெளிப்பின்னலில் பற்றவைத்து, மறுமுனையை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (அலைவெண் வாரியாகச் சிக்னலின் வலிமையைக் காட்டும் கருவி) இணைத்துச் சர்க்யூட் போர்டின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். மின்னோட்டம் வேகமாக மாறும் இடத்தில் காந்தப்புலமும் வேகமாக மாறி வளையத்தில் மின்னழுத்தத்தைத் தூண்டுவதால், மின் இரைச்சல், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரிலிருந்து வருகிறதா, வாகனத்தின் மின்னணுப் பெட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறும் கேன் பஸ் கம்பியிலிருந்து வருகிறதா என்பது சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். சோதிக்கப்படும் கம்பி, வளையத்தின் தளத்திலேயே அமையும்போது அனலைசர் காட்டும் அளவு உயர்ந்து, வளையத்தை 90 பாகை திருப்பியதும் சரிந்தால், அந்தக் கம்பியில் ஓடும் மின்னோட்டமே மூலம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

வளையத்தின் மேல், சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் காப்புக் குழாயை மாட்ட மறக்காதீர்கள். வெற்றுக் கம்பி பேட்டரி இணைப்பைத் தொட்டால் அனலைசரின் உள்ளீடு பாழாகிவிடும். மின்வாகனங்களின் உயர் மின்னழுத்தப் பகுதிகளில் இதைச் செய்யவே கூடாது. அருகில் அளந்த இந்த எண்களைச் சிஸ்பர் 25 (வாகன மின்னணுக் கருவிகளின் இரைச்சலுக்கான சர்வதேசத் தரம்) வரம்புகளோடு ஒப்பிடவும் முடியாது, ஏனெனில் அத்தரம் ஆன்டெனாவை 1 மீட்டர் தொலைவில் வைத்து அளக்கிறது. அந்தச் சோதனையில் பெரும்பாலும் கதிர்வீசுவது போர்டன்று, அதனுடன் இணைந்த நீண்ட கம்பிக்கட்டு.