மரம் நட்டால் தண்ணீர் ஊறும் என்று நம்பி ஏமாறாதீர்கள்

எந்த மரத்தை நட்டாலும் கிணற்றில் தண்ணீர் ஏறும் என்று நம்புவதுதான் முதல் தவறு. சருகும் வேரும் மண்ணைப் பொலபொலவென்று வைத்து மழையை உள்ளே இறக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதே வேர் அந்த நீரை உறிஞ்சி இலை வழியாகக் காற்றில் விட்டுவிடும். உள்ளே போனதில் மரம் குடித்தது போக மிச்சம் இருந்தால்தான் நிலத்தடி நீர்.

கர்நாடகத்தின் கோலாரைப் பாருங்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம், அங்கே 1980களில் கேழ்வரகு விளைந்த மேட்டு நிலமெல்லாம் தைலமரத் (யூகலிப்டஸ்) தோப்பானது, நிலத்தடி நீரும் கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 2017-இல் கர்நாடக அரசே புதிதாகத் தைலமரம் நடத் தடை போட்டது. அதற்காக முழுப் பழியையும் மரத்தின் தலையில் கட்டுவதும் தவறுதான், ஆயிரம் அடி தாண்டிப் போன போர்வெல்களை யார் போட்டது?

அடுத்தது நெருக்கி நடுவது. 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்று நட்டால் ஏக்கருக்கு 670 மரம் வரும், சிறு தூறல் இலையிலேயே காய்ந்துவிடும், பெருமழையில் இறங்குவதையும் வேர்கள் விடாது. கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

புதுக்கோட்டைப் பக்கம் விவசாயிகள் சொல்லும் குறை வேறு: தைலமரக் காட்டுக்குள் ஓடுகிற மழைநீரை மடக்க வரப்பு போட்டுவிடுகிறார்கள், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்து வாரிக்குத் தண்ணீர் வருவதில்லை, கண்மாய் காய்கிறது. மரம் வைக்கும் முன் அந்த இடத்து நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு மழை நாளில் நடந்து பார்த்துவிடுங்கள்.

சரி, அப்போ மரமே வேண்டாமா? அதுவும் தவறு. மேற்கு ஆப்பிரிக்க நாடான பர்கினா பாசோவில் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், வெட்டவெளியையும் அடர்ந்த தோப்பையும்விட, இடைவெளி விட்டு மரங்கள் நிற்கிற நிலத்தில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் இறங்கியது தெரிந்தது. வயலோரம் வேம்பு, புங்கன் என்று கலந்து தள்ளித் தள்ளி நடலாம்.

அப்புறம், தைலமரத்தை வெட்டி விற்றாயிற்று, தண்ணீர் ஏறிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அடிக்கட்டை துளிர்க்கும், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் கிடுகிடுவென்று வளரும், ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினால்தான் வேலை முடியும்.